ஆசிரியர்கள் தயங்கியது எதற்காக?

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழிக் கல்வியைப் பள்ளி ஆசிரியர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்ற கேள்விக்குப் பொதுவெளியில் கிடைத்த விடைகளில் பல அவர்களைக் குறைத்து மதிப்பிடுபவையாகவே இருந்தன. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது, வாத்தியார்களுக்கு மட்டும் மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுகிறது என்ற பேச்சு தேநீர்க் கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம்வரை ஒலித்தது. புதிய கருவியைக் கண்டால் ஒதுங்குகிற, செல்பேசியைக் கையாளத் தெரியாத கூட்டமாக அவர்களைச் சித்திரிப்பதும் எளிதாயிற்று. 2020 மார்ச் முதல் 2022 பிப்ரவரி வரையிலான அந்த இரண்டு ஆண்டுகளில் ஆசிரியர்கள் வெளிப்படுத்திய தயக்கத்தை நிதானமாக ஆராய்ந்தால், அதில் பெரும்பகுதி அச்சத்தால் விளைந்ததல்ல என்பதும், வகுப்பறையில் பல்லாண்டுகள் நின்று பெற்ற தொழிலறிவு சொன்ன தீர்ப்பே அது என்பதும் விளங்கும். அந்தத் தீர்ப்பு பெருமளவுக்குச் சரியானது என்பதைப் பின்னர் வெளிவந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

கல்வி உளவியலில் மனப்பான்மை என்று குறிப்பிடப்படுவது வெறும் விருப்பு வெறுப்பு அன்று. ஒன்றைப் பற்றி ஒருவர் கொண்டுள்ள நம்பிக்கை, அது அவரிடம் எழுப்பும் உணர்வு, அதன்பால் அவர் நடந்துகொள்ளும் முறை ஆகிய மூன்றும் சேர்ந்ததே மனப்பான்மை. இந்த மூன்றும் ஒரே திசையில் செல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இணைய வகுப்பால் சிறு குழந்தைகளுக்குப் பயனில்லை என்று உறுதியாக நம்பிய ஆசிரியரே, இரவு வெகுநேரம் கண்விழித்து மறுநாளுக்கான பாடக் காணொலியைத் தயாரித்தார் என்பது அக்காலத்தில் பரவலாகக் காணப்பட்ட முரண். நம்பிக்கையைக் கொண்டு நடத்தையையோ, நடத்தையைக் கொண்டு நம்பிக்கையையோ ஊகித்தவர்கள் இந்த முரணைக் கவனிக்கத் தவறினார்கள்.

ஒரு புதிய கருவியை மக்கள் ஏற்பதையும் மறுப்பதையும் விளக்குவதற்கு ஆய்வாளர்கள் அடிக்கடி துணைக்கு அழைப்பது, ஃபிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட 'தொழில்நுட்ப ஏற்பு மாதிரி' என்னும் கோட்பாடு. ஒரு கருவி தனக்குப் பயன்படும், அதைக் கையாள்வது எளிது என்ற இரண்டு எண்ணங்களும் ஒருவருக்கு ஏற்பட்டால் அவர் அதை ஏற்றுக்கொள்வார் என்பது இதன் சாரம். பெருந்தொற்றுக் காலத்தில் ஆசிரியர்களிடம் நடத்தப்பட்ட வினாநிரல் ஆய்வுகள் பலவும் இந்த அளவுகோலையே கையில் எடுத்துக்கொண்டன. ஆனால் இக்கோட்பாடு அலுவலகப் பணியாளர்கள் கணினி மென்பொருள்களைப் பயன்படுத்துவதை விளக்குவதற்காக உருவானது. அங்கே கருவியைப் பயன்படுத்துபவரும் அதனால் பயன்பெறுபவரும் ஏறத்தாழ ஒருவரே. பள்ளிக்கூடத்தில் நிலைமை வேறு. கருவியைப் பயன்படுத்துபவர் ஆசிரியர், பயன்பெற வேண்டியது குழந்தை. தனக்கு எளிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஆசிரியர் ஒரு முறையை ஏற்றுக்கொண்டால் அதைத்தான் குறையாகக் கருத வேண்டுமே தவிர, குழந்தைக்குப் போய்ச் சேரவில்லை என்பதற்காக ஒரு முறையை அவர் மறுப்பதைக் குறையென்று கொள்ள முடியாது.

இன்னொரு வேறுபாடும் இங்கே தெளிவுபட வேண்டும். 2020 மார்ச் இறுதியிலேயே சார்லஸ் ஹாட்ஜஸ் உள்ளிட்ட அமெரிக்கக் கல்வியாளர்கள், திட்டமிட்டு உருவாக்கப்படும் இணையவழிக் கற்றலும் நெருக்கடியில் அவசரமாக மேற்கொள்ளப்படும் தொலைநிலைக் கற்பித்தலும் ஒன்றல்ல என்று எழுதினார்கள். முன்னதற்குப் பல மாதத் தயாரிப்பு, பாடவடிவமைப்பு வல்லுநர், மாணவர் கையில் கருவி, உடனுக்குடன் உதவி எனப் பல முன்னேற்பாடுகள் வேண்டும். பின்னது வகுப்பறை திடீரென்று இல்லாமற்போனதால் செய்யப்படும் தற்காலிக மாற்று. தமிழ்நாட்டில் மட்டுமல்ல, இந்தியா முழுவதிலும் நடந்தது இரண்டாவது வகை. அதைச் செய்துகொண்டே முதல் வகையின் பெயரால் மதிப்பிடப்பட்டார்கள் என்பதே ஆசிரியர்களின் மனக்குறைக்கு அடிப்படையாக இருந்தது.

தமிழ்நாட்டில் அந்த மாற்று ஏற்பாடு ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டு, அதன்வழி 'திக்‌ஷா' தளத்தின் காணொலிகளைப் பார்க்கும் வசதி பெருந்தொற்றுக்கு முன்பே வந்திருந்தது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டிருந்தது. மேல்நிலை மாணவர்களிடம் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி இருந்ததால், பன்னிரண்டாம் வகுப்புப் பாடக் காணொலிகள் அதில் ஏற்றித் தரப்பட்டன. 2020 மே மாதம் ஒன்றிய நிதியமைச்சர் அறிவித்த 'பிஎம் இ-வித்யா' என்ற இணையவழிக் கல்வித் திட்டமும், இணைய வகுப்புகளுக்காக ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டு நெறிகளும் இதன் தொடர்ச்சி. எட்டாம் வகுப்புவரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகள், ஒன்பது முதல் பன்னிரண்டுவரை நான்கு அமர்வுகள், அதற்கு மேல் வேண்டாம் என்று அந்நெறிகள் வரையறுத்தன. கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்றே 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கிவிட்டன.

ஏற்பாடுகள் இருந்தன, எல்லாக் குழந்தைகளிடமும் கருவி இல்லை. ஊரகக் குழந்தைகளின் கல்விநிலையைக் கணிக்கும் 'அசர்' ஆய்வின்படி, பள்ளியில் சேர்ந்துள்ள குழந்தைகளில் வீட்டில் திறன்பேசி வைத்திருந்தோர் 2018இல் 36.5 விழுக்காடு; 2020இல் 61.8 விழுக்காடு, 2021இல் 67.6 விழுக்காடு. இந்த உயர்வைச் சாதனையாகக் காட்டியவர்கள் உண்டு. ஒரு குடும்பத்தில் ஒரு திறன்பேசி இருக்கிறது என்பதற்கு, அந்தக் குடும்பத்தின் மூன்று குழந்தைகளிடமும் காலை பத்து மணிக்கு அது இருக்கிறது என்று பொருளல்ல. பொருளியலாளர்கள் ழான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோரின் ஒருங்கிணைப்பில் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் எளிய குடும்பத்துக் குழந்தைகளிடம் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், ஊரகத்தில் முறையாக இணையவழியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் வெறும் 8 விழுக்காட்டினர். அறவே படிக்காமல் இருந்தவர்கள் 37 விழுக்காட்டினர். ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ பணிபுரிந்த ஆசிரியருக்கு இந்தப் புள்ளிவிவரம் எந்த வியப்பையும் அளித்திருக்காது. டவர் இல்லாத ஊரில் இணைய வகுப்பு எடுக்கச் சொன்னபோது அவர் காட்டிய தயக்கத்துக்கு உளவியல் காரணம் தேட வேண்டியதும் இல்லை.

கருவி கிடைத்த இடங்களிலும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு மனநிறைவு ஏற்படவில்லை என்பதே கூர்ந்து பார்க்க வேண்டிய செய்தி. ஏன் ஏற்படவில்லை என்பதை உணர, ஒன்றாம் வகுப்பில் எழுத்து கற்பிக்கப்படும் முறையை அருகிலிருந்து பார்க்க வேண்டும். குழந்தை 'அ' எழுதும்போது ஆசிரியர் கவனிப்பது எழுதி முடித்த எழுத்தை மட்டுமல்ல; சுழியை எங்கே தொடங்குகிறது, கையை எடுக்காமல் வளைத்துக் கொண்டுவருகிறதா, அல்லது கடைசிக் கோட்டை முதலில் போட்டுவிட்டுப் பின்னால் சுழியை ஒட்டவைக்கிறதா, பென்சிலை எத்தனை விரலால் பிடிக்கிறது என்பதையெல்லாம் பார்க்கிறார். தவறு கண்டால் பின்னால் நின்று குழந்தையின் கையைத் தன் கையால் பிடித்து எழுதவைக்கிறார். பொதுமுடக்கத்தின்போது இதே பணி வாட்ஸ்அப் குழுவுக்கு மாறியது. கட்டட வேலைக்கோ மில்லுக்கோ சென்ற தந்தை வீடு திரும்பிய பிறகே திறன்பேசி குழந்தையின் கைக்கு வரும் என்பதால், எட்டு மணிக்கு மேல்தான் வீட்டுப்பாடப் படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். பக்கவாட்டில் சாய்ந்தும், பாதி நிழல் விழுந்தும், ஓரம் வெட்டுப்பட்டும் வரும் அந்தப் படங்களில் எழுத்து சரியாகவே இருக்கும். அது எழுதப்பட்ட விதம் படத்தில் இருக்காது. சில வேளை, அந்தக் கையெழுத்தே ஏழாம் வகுப்பு படிக்கும் அக்காவுடையது என்பது பார்த்த மாத்திரத்தில் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் அந்த இரவில் அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

ல, ள, ழ வேறுபாட்டைக் கற்பிப்பதும் அப்படித்தான். நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே மடிகிறது என்பதை ஆசிரியரின் வாயைப் பார்த்துக் குழந்தையும், குழந்தையின் வாயைப் பார்த்து ஆசிரியரும் சரிசெய்துகொள்ள வேண்டிய பாடம் அது. சிக்னல் விட்டுவிட்டு வரும் அழைப்பிலோ, குரல் பதிவிலோ மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். கணக்கிலோ 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தை, ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதற்காக 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது என்பதை நேர்வகுப்பில் 'எப்படிப் போட்டாய், சொல்லு' என்ற ஒரு கேள்வியால் ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். கடன் வாங்கிக் கழிப்பதைக் குச்சிக்கட்டுகளைப் பிரித்துக்காட்டி அங்கேயே விளங்கவைப்பார். செல்பேசித் திரையில் அவருக்குக் கிடைத்தது தவறான விடை மட்டுமே. கற்பித்தல் என்ற தொழிலின் உயிர்நாடி இத்தகைய நொடிநேரக் கணிப்புகளில் இருக்கிறது. அதை இழந்துவிட்டு, பாடத்தை அனுப்பியதற்கும் படம் திரும்பி வந்ததற்கும் கணக்குக் காட்டும் பணியாகத் தம் பணி சுருங்கிவிட்டதை ஆசிரியர்கள் உணர்ந்தார்கள்.

இந்த உணர்வைத்தான் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட கள ஆய்வு பதிவுசெய்தது. ஐந்து மாநிலங்களில் 1,500க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டபோது, இணைய வகுப்பில் குழந்தைகளோடு உணர்வுப் பிணைப்பைத் தக்கவைக்க முடியவில்லை என்றவர்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல். குழந்தைகள் கற்றதைப் பொருளுள்ள வகையில் மதிப்பிட இயலவில்லை என்றவர்கள் ஏறத்தாழ 90 விழுக்காடு. இணையவழிக் கற்பித்தலுக்குத் தம் திறனும் அனுபவமும் போதவில்லை என்று பாதிக்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள் என்பது உண்மையே. அந்த ஒப்புதலை மட்டும் பிடித்துக்கொண்டு, பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவுகட்டுவது ஆய்வின் மையத்தைத் தவறவிடுவதாகும். கருவியை நன்கு கையாளப் பழகிய ஆசிரியருக்கும் குழந்தையின் நோட்டுப்புத்தகம் அவர் மேசைக்கு வந்துவிடாது. அதே பல்கலைக்கழகம் 2021 தொடக்கத்தில் ஐந்து மாநிலங்களில் 16,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து, முந்தைய ஆண்டில் பெற்றிருந்த மொழித்திறன்களில் குறைந்தது ஒன்றையேனும் 92 விழுக்காட்டினரும், கணிதத் திறன்களில் ஒன்றையேனும் 82 விழுக்காட்டினரும் இழந்துவிட்டதாக அறிவித்தது. ஆசிரியர்கள் முன்கூட்டிச் சொன்னதன் அளவு இந்த எண்களில் வெளிப்பட்டது.

சுயநிதிப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அனுபவித்தது இதிலிருந்து வேறுபட்ட துன்பம். அங்கே பெரும்பாலான மாணவர்களிடம் கருவி இருந்தது; வகுப்புகள் ஜூம் செயலியிலோ கூகுள் மீட்டிலோ முழு நேர அட்டவணைப்படி நடந்தன. மாணவர்கள் படக்கருவியை அணைத்துவிட்டதால் கரும்பெட்டிகளின் வரிசையை நோக்கி நாற்பது நிமிடம் பேச வேண்டியிருந்தது. 'கேட்கிறதா' என்ற கேள்விக்குப் பதிலாக நிசப்தமே பலமுறை வந்தது. வகுப்பு முழுவதும் பதிவுசெய்யப்பட்டது, நிர்வாகத்தினர் இடையில் நுழைந்து பார்த்தார்கள், பெற்றோர் அருகில் அமர்ந்து கேட்டுவிட்டு உச்சரிப்பைப் பற்றியும் பாடம் நடத்தும் வேகத்தைப் பற்றியும் புகார் அனுப்பினார்கள். இவ்வளவு கண்காணிப்புக்கு நடுவே ஊதியம் பாதியாகக் குறைந்தவர்களும், அறவே நின்றுபோனவர்களும் இருந்தார்கள். காய்கறி விற்கவும், நூறு நாள் வேலைக்குச் செல்லவும், உணவு கொண்டுசேர்க்கும் பணியில் சேரவும் பட்டதாரி ஆசிரியர்கள் தள்ளப்பட்டார்கள். தெலங்கானா அரசு 2021 ஏப்ரலில் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் அறிவித்ததை வைத்தே அவர்கள் எந்த நிலைக்கு வந்திருந்தார்கள் என்று உணரலாம். இணையவழிக் கல்வியைப் பற்றி அவர்கள் கொண்ட மனப்பான்மையை இந்த ஊதிய வெட்டிலிருந்து பிரித்து எந்த வினாநிரலாலும் அளக்க முடியாது.

பெண் ஆசிரியர்களின் சுமை எந்தக் கணக்கிலும் சேரவில்லை. வீட்டில் இருந்த ஒரே திறன்பேசியைத் தம் குழந்தையின் வகுப்புக்கும் தம் வகுப்புக்கும் பங்கிட்டுக்கொண்டு, அடுப்படி வேலையையும் முதியோர் பராமரிப்பையும் பார்த்துக்கொண்டு, டேட்டாவுக்கும் ரீசார்ஜுக்கும் கைப்பணத்தைச் செலவிட்டவர்கள் அவர்கள். தம் தனிப்பட்ட எண் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்டதால், நேரங்காலமின்றி வரும் அழைப்புகளையும் சில வேளைகளில் முகம்சுளிக்கவைக்கும் செய்திகளையும் சகித்துக்கொள்ள நேர்ந்தது. பள்ளி வாசலைக் கடந்தால் பணி முடிந்தது என்ற எல்லைக்கோடு அழிந்துபோனது இவர்களுக்கே முதலில்.

இவற்றைச் சொல்வதால் ஆசிரியர்கள் அனைவரும் இணையத்தை வெறுத்தார்கள் என்று முடிவுசெய்வதும் பிழை. வகுப்பும் பாடமும் மாறும்போது மனப்பான்மையும் மாறியது. மேல்நிலை இயற்பியலிலும் உயிரியலிலும், கரும்பலகையில் வரைந்து காட்ட முடியாத இதய இயக்கத்தையும் மின்காந்தப் புலத்தையும் அசைவுப்படமாகக் காட்ட முடிந்தது. புரியாத மாணவர் அதே காணொலியை மீண்டும் மீண்டும் பார்த்துக்கொள்ள முடிந்தது. தொடக்கத்தில் இணைப்பு கொடுக்கவே தடுமாறிய ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியர்கள், இளம் சகாக்களிடமும் தம் பிள்ளைகளிடமும் கேட்டுக் கேட்டுப் பழகி, சில மாதங்களில் சொந்தமாகக் காணொலி எடுக்கத் தொடங்கினார்கள். ஒன்றைச் செய்துமுடிக்கத் தன்னால் இயலும் என்ற நம்பிக்கையை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா தன்திறன் நம்பிக்கை என்று அழைத்தார். அது அறிவுரையால் வருவதைவிடச் செய்து பார்த்து வெற்றிபெறுவதாலேயே வலுவாக வருகிறது என்பது அவர் கருத்து. மாவட்டம் கடந்த வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் பயிற்சித்தாள்களையும் காணொலிகளையும் பகிர்ந்துகொண்ட தமிழ்நாட்டு ஆசிரியர்கள் அதை மெய்ப்பித்தார்கள். எந்தச் சுற்றறிக்கையும் உருவாக்காத இந்தத் தன்னெழுச்சியான கூட்டுறவு, பெருந்தொற்றுக் காலக் கல்வி வரலாற்றில் தனி இயலாக எழுதப்பட வேண்டியது.

தயங்கியவர்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதற்கும் சான்று உண்டு. இணையம் எட்டாத ஊர்களில் ஆசிரியர்கள் இருசக்கர வண்டியில் சென்று, கோயில் திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் ஐந்தாறு குழந்தைகளை இடைவெளி விட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். பாடநூலும் சத்துணவுக்கு மாற்றான உலர்பொருளும் வழங்கும் நாள்களைக் குழந்தைகளை நேரில் பார்த்து வீட்டுப்பாடம் கொடுப்பதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், மாலை வேளையில் தன்னார்வலர்களைக் கொண்டு ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரையிலான குழந்தைகளுக்கு அவர்கள் குடியிருப்பிலேயே கற்பித்தபோது, ஆசிரியர்கள் முன்னரே தனித்தனியாகக் கண்டடைந்த வழியைத்தான் அரசு பெரிய அளவில் கையாண்டது. குழந்தையிடம் நேரில் சென்றே ஆக வேண்டும் என்ற அவர்களின் எண்ணத்துக்கு அரசுத் திட்டமே அங்கீகாரம் வழங்கியது என்று இதைக் கொள்ளலாம்.

பெருந்தொற்று முடிந்த பின்பும் அதன் வடு தொடர்ந்தது. மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த இந்திய ஊரகக் குழந்தைகள் 2018இல் 27.3 விழுக்காடாக இருந்தது 2022இல் 20.5 விழுக்காடாக வீழ்ந்தது. 2024இல்தான் அது 27.1 விழுக்காடு என்ற பழைய நிலையை நெருங்கியது. அந்த மீட்சி நேர்வகுப்பில் நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' இயக்கமும், கற்றல் அட்டைகளையும் பயிற்சி நூல்களையும் கொண்டு வகுப்பறையில் குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதையே முறையாகக் கொண்டது. பெருந்தொற்று விட்டுச்சென்ற இணையப் பழக்கமோ ஆசிரியர்களிடம் வேறு வடிவில் தங்கிவிட்டது. வருகைப் பதிவு, நலத்திட்டப் பதிவு, தேர்வு மதிப்பெண், பயிற்சி என அனைத்தையும் 'எமிஸ்' எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் ஏற்ற வேண்டியிருப்பதால் கற்பிக்கும் நேரம் பறிபோகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை முறையிட்டிருக்கின்றன. தொழில்நுட்பத்தின்மீது ஆசிரியர்களுக்கு நல்லெண்ணம் ஏற்பட வேண்டுமென்றால், அது அவர்களுடைய கற்பித்தலுக்கு உதவ வேண்டும். பதிவேற்றும் வேலையாக மட்டும் அவர்களை வந்தடையும் தொழில்நுட்பத்தை யாரும் விரும்பமாட்டார்கள்.

2020 ஜூலையில் ஒப்புதல் பெற்ற தேசியக் கல்விக் கொள்கை, பெருந்தொற்றுகளைக் காரணம்காட்டி, நேரடிக் கல்வி இயலாதபோது மாற்று வழிகளுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்கிறது. ஆயத்தம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வெள்ளத்துக்கும் கடும் வெயிலுக்கும் பள்ளிகளை மூடுவது வழக்கமாகிவரும் நாளில் அந்த ஆயத்தத்தை ஒத்திப்போடவும் முடியாது. அதைத் திட்டமிடும் குழுவில் மென்பொருள் வல்லுநரும் உயர் அலுவலரும் இருப்பதைப் போலவே, ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் மலைப்பகுதிப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புவரை சிறு குழுக்களாக நேரில் கற்பிப்பதே முதல் வழி, இணையம் துணைவழி மட்டுமே என்று விதி வகுக்கப்பட வேண்டும். ஆசிரியரின் கருவிக்கும் டேட்டாவுக்கும் அரசோ நிர்வாகமோ பணம் தர வேண்டும், தனியார் பள்ளி ஆசிரியரின் ஊதியத்துக்கு நெருக்கடிக் காலத்திலும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். இவற்றுக்கான அரசாணைகளைப் பள்ளிகள் திறந்திருக்கும் இப்போதே பிறப்பிக்குமாறு கல்வித்துறையைப் பெற்றோரும் ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்து வற்புறுத்த வேண்டும்.